ஸ்பேஸ் பார் காட்டிக்கொடுத்தது

ஜாவா புரோகிராமிங் லேபில் ஆசிரியராக ஒன்பது வருடம் நின்றிருக்கிறேன். எரர் வந்தால் கவலையில்லை, எந்த வரி என்று, புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலரே சொல்லிவிடும். எரரே இல்லாமல் விண்டோ திறந்து, கீயைத் தட்டத் தட்டக் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும் பாருங்கள், அந்தப் புரோகிராம்தான் ஆளைச் சோதிக்கும்.

ஒரு மாடல் பிராக்டிகல். ஆரோ கீயை அழுத்தினால் வட்டம் நகர வேண்டும் என்பது கேள்வி. மாணவி ஒருத்தி ஜேஃபிரேமிலேயே, அதாவது விண்டோவிலேயே, கீ தட்டலுக்குக் காதுகொடுக்கும் கீலிஸனரைச் சேர்த்துச் சீக்கிரமே ஓட்டிக் காட்டிவிட்டாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "நிறம் மாத்த ஒரு பட்டனும் வைம்மா" என்றேன்.

வைத்தாள். மவுஸால் பட்டனைக் கிளிக் செய்தால் வட்டம் சிவப்பாகிறது, நீலமாகிறது. ஆரோ கீ மட்டும் செத்துப்போனது.

"இப்பத்தான் சார் ஓடுச்சு!"

எனக்குத் தெரிந்த சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கிளறினேன். எழுத்து விழுந்தால் மட்டும் ஓடும் கீடைப்ட் என்ற மெத்தடில் எழுதிவிட்டாளோ? ஆரோ கீ எழுத்து எதையும் தராது, அதனால் கீடைப்ட் அதற்கு வரவே வராது. இல்லை, எந்தக் கீயை அழுத்தினாலும் ஓடும் கீபிரஸ்டில்தான் சரியாக எழுதியிருந்தாள். கீலிஸனரின் மெத்தட்களை வெறுமையாக எழுதி வைத்திருக்கும் கீஅடாப்டரை எடுத்துக்கொண்டு மெத்தட் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டாளோ? அப்படி மாறினால் கம்பைலர் அதைப் புது மெத்தட் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும். ஏற்கெனவே உள்ள மெத்தடைத்தான் மாற்றி எழுதுகிறேன் என்று சொல்லும் ஓவர்ரைடு குறியை, 2004-இல் ஜாவா 5 கொண்டுவந்ததை, போட்டால்தான் பிடிபடும். அதையும் போட்டிருந்தாள். இருபது நிமிடம் போயிற்று. எரிச்சலில் அவள் ஸ்பேஸ் பாரை ஓங்கித் தட்ட, வட்டம் சிவப்பானது.

அந்தச் சிவப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. மவுஸ் நிகழ்வு, திரையில் மவுஸின் அம்புக்குறி எதன்மேல் நிற்கிறதோ அதற்குப் போகும். கீபோர்டு நிகழ்வுக்கு இடம் பொருட்டல்ல, ஃபோகஸ், அதாவது கீபோர்டின் கவனம், யாரிடம் இருக்கிறதோ அவருக்குத்தான். விண்டோ திறந்ததுமே பட்டன் ஃபோகஸை வாங்கிக்கொண்டது. ஃபோகஸ் உள்ள பட்டனுக்கு ஸ்பேஸ் என்றால் அழுத்து என்று அர்த்தம். ஆரோ கீயை வைத்து அது என்ன செய்யும்? ஃபிரேமில் இருந்த லிஸனர் கடைசிவரை காத்துக்கொண்டிருந்தது, பாவம்.

பட்டனுக்கு, ஃபோகஸை வாங்காதே என்று சொல்லும் செட்ஃபோகஸபிள் ஃபால்ஸ் என்று ஒரே வரி சேர்த்தோம். வட்டம் நகர்ந்தது. பெரிய புரோகிராமாக இருந்தால் இன்புட்மேப், ஆக்‌ஷன்மேப் என்ற பட்டியல்கள் வழியாக, எந்தக் கீக்கு எந்த வேலை என்று கட்டிவைக்கும் கீ பைண்டிங் போடுவதுதான் உருப்படியான வழி. விண்டோவுக்குள் ஃபோகஸ் எங்கே இருந்தாலும் வேலை செய்யும்படி அதை அமைக்கலாம்.

பிசகு அவளுடையது அல்ல. 1997-இல் ஜாவாவின் ஜேடிகே 1.1 பதிப்பு இந்த லிஸனர் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து தொடங்கி, மவுஸ்லிஸனரில் ஐந்து மெத்தட், மவுஸ்மோஷன்லிஸனரில் இரண்டு, கீலிஸனரில் மூன்று என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைத்தவன் நான். ஃபோகஸ் என்ற சொல்லை ஒருமுறைகூட போர்டில் எழுதியதில்லை.

அடுத்த வாரம் அவளுடைய ரெக்கார்டு நோட்டு கையெழுத்துக்கு வந்தது. அந்த ஒரு வரி மட்டும் பச்சை மையில் இருந்தது. பச்சை மை துறைத் தலைவர் ஹெச்ஓடிக்கு மட்டும்தான் என்று திருப்பிக் கொடுக்க வேண்டியது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.