காணாமல் போனதெல்லாம் செத்ததாகாது

வனவிலங்கு ஆய்வுக் குழு ஒன்றில் புள்ளிவிவரம் பார்ப்பது என் வேலை. களத்திலிருந்து எனக்கு வருவது பெரும்பாலும் 1, 0 இரண்டும்தான். வளையம் மாட்டிய பறவை அந்தப் பருவத்தில் கண்ணில் பட்டால் 1, படாவிட்டால் 0. ஒரு பறவையின் வரி 101100 என்று இருந்தால், முதல் 0 தொல்லை தராது. அடுத்த பருவம் வந்து நின்றிருக்கிறதே, அப்போதும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. கடைசி இரண்டும்தான் பாடாய்ப் படுத்தும். செத்திருக்கலாம், இருந்தும் தட்டுப்படாமல் இருக்கலாம், ஒரேயடியாக வேறிடம் போயிருக்கலாம்.

100 பறவைக்கு வளையம் மாட்டி, மறு ஆண்டு 40 தென்பட்டால், 40 சதவீதம் பிழைத்தது என்று எழுதத்தான் கை போகும். 80 பிழைத்து அதில் பாதி தென்பட்டாலும் 40. 50 பிழைத்து அதில் 80 சதவீதம் தென்பட்டாலும் 40. இதைப் பிரித்துப் பார்க்க 1964-இல் கார்மாக்கும், 1965-இல் ஜாலி, செபர் இருவரும் என்று புள்ளியியலாளர்கள் வழி சொன்னார்கள். இடையில் விட்டுப்போய்ப் பிறகு தென்பட்டவற்றை வைத்தே, உயிரோடிருப்பது கண்ணில் படும் வாய்ப்பை அந்த முறை கணிக்கிறது. போனது திரும்பாவிட்டால் மட்டும், சாவுக்கும் இடப்பெயர்ச்சிக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

விலங்கின் கழுத்தில் மாட்டி சிக்னல் அனுப்பும் ரேடியோ காலர் வந்தால் நிம்மதி என்பார்கள். விலங்கு பல மணி நேரம் அசையாவிட்டால் சிக்னலின் துடிப்பே மாறிவிடும், போய்ப் பார்த்துவிடலாம். சரி, சிக்னலே நின்றுவிட்டால்? நாள் போகப் போக எத்தனை பங்கு பிழைத்திருக்கிறது என்று கணிக்கும் கப்லான்-மேயர் முறையில் அன்றோடு அதைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுவோம். பேட்டரி தீர்ந்ததென்றால் அது நியாயம். வேட்டைக்காரன் விலங்கைக் கொன்று காலரையும் உடைத்திருந்தால், சாவுதான் கணக்கிலிருந்து நழுவுகிறது; பிழைப்பு விகிதம் பொய்யாக உயர்ந்துவிடும். அதனால் நான் எப்போதும் இரண்டு தடவை ஓட்டுவேன்: மௌனமானவை எல்லாம் செத்தன என்று ஒன்று, எல்லாம் பிழைத்தன என்று ஒன்று. இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால், எவ்வளவு நேர்த்தியான கணித மாதிரியானாலும் எனக்கு அதில் நம்பிக்கை வராது. களத்தில் காலரைத் தேடிப் போகும் ஆட்களுக்கு இன்னும் நாலு நாள் கூடக் கேட்பதே மேல்.

கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி, "போன வருஷம் எவ்வளவு பிழைத்தது?" வளையத் தரவில் பிழைப்பும் தென்படும் வாய்ப்பும் ஆண்டுதோறும் மாறும் என்று வைத்தால், கடைசி ஆண்டுக்கு இரண்டின் பெருக்கல்தான் கிடைக்கும், தனித்தனியே வராது. "அடுத்த பருவம் வரட்டும்" என்பேன். நிதி விண்ணப்பத்துக்கோ அதற்குள் நாள் கடந்திருக்கும்.