பெல்லரோஃபோன்: நத்தையா, இல்லையா?

நத்தை ஓடு என்றால் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு கூம்பாக நிற்கும். எப்போதோ அழிந்துபோய், புதைபடிவ ஓடாக மட்டும் கிடைக்கும் கடலுயிரி பெல்லரோஃபோன் அப்படியில்லை. சுருட்டிவைத்த பாய் மாதிரி ஒரே தளத்தில் சுருண்டிருக்கும். இடப்பாதியும் வலப்பாதியும் அச்சு அசல் ஒன்றுதான். 1808இல் இதற்குப் பெயர் வைத்த பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் டி மான்ஃபோர் இதைக் கணவாய்க் கூட்டத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் அந்தக் கூட்டத்தில் ஓட்டோடு வாழும் நாட்டிலஸில் உள்ளதுபோல் அறைத் தடுப்புகள் இதில் கிடையாது, உள்ளே ஒரே குழாய்தான்.

எனக்குப் பிடித்த இடம் வாய் விளிம்பு. அதன் நடுவே ஒரு பிளவு. செவுளைக் கடந்த நீரும் கழிவும் அதன் வழியே போயிருக்கும். ஓடு வளர வளரப் பிளவின் பின்பகுதி அடைபட்டு முதுகு நெடுக ஒரு பட்டையாகத் தங்கிவிடும். அதில் பிறை பிறையாக வளர்ச்சிக் கோடுகள்.

சண்டை வேறு இடத்தில். கருவளர்ச்சியில் உடல் 180 பாகை திரும்புவதுதான் நத்தையின் அடையாளம். சதைதான் மிஞ்சவில்லையே, எதை வைத்துச் சொல்வது? 1947இல் தொல்லுயிர் ஆய்வாளர் ப்ரூக்ஸ் நைட் ஓட்டுக்குள் இருந்த தசைத் தழும்புகளைக் காட்டி நத்தைதான் என்றார். அப்புறம் வந்த சிலர், உடல் திரும்பாத வேறு மெல்லுடலிகள் (நத்தை, சிப்பி, கணவாய் எல்லாம் அடங்கிய பெருங்குழு) பக்கம் தள்ளினார்கள். நான் நத்தைக் கட்சி. ஆழ்கடலில் இன்றும் வாழும் பிளவு நத்தைகளின் ஓட்டிலும் அதே பிளவு, அதே பட்டை.