சும்மா கிடைத்த சுவர்கள்

திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் சுவர் விளம்பரம் எழுதுவது என் தொழில். மதுரை நகருக்குள் சுவரில் எழுதத் தடை; கிராமங்களில் வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் எப்படிக் கிடைக்கிறது என்பதை வைத்தே ஒரு கட்சியின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

தேமுதிகவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 செப்டம்பர் 14 அன்று மதுரையில்தான் விஜயகாந்த் கட்சியைத் தொடங்கினார். மறுவருடத் தேர்தலில் ஜெயித்தது விருத்தாசலத்தில் அவர் ஒருவர்தான். ஆனால் கட்சி வாங்கிய வாக்கு 8 சதவீதத்தைத் தாண்டியது. அப்போது என்னை வேலைக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாம் ரசிகர் மன்றப் பையன்கள். நான் போவதற்குள் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். பவுடர் கலரில் கலக்க வஜ்ஜிரப் பசை காய்ச்சித் தருவார்கள். கூலியை ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்டுக் கொடுப்பார்கள். சுவருக்கு யாரும் காசு கேட்டதில்லை. "நம்மூர்ப் பிள்ளைப்பா, எழுதிக்கோ" என்று திண்ணையில் இருந்தபடியே சொல்லிவிடுவார்கள்.

2011இல் அதிமுக கூட்டணி. 41 தொகுதிகளில் 29 வெற்றி, அவர் எதிர்க்கட்சித் தலைவர். மதுரை மத்தியும் திருப்பரங்குன்றமும் தேமுதிகவின் முரசு சின்னத்துக்கு விழுந்தன. எனக்கும் நல்ல வருமானம், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையை மொத்தமாகப் பேசி முடிக்கிற ஆட்கள் வந்துவிட்டார்கள். சுவருக்கும் விலை வந்துவிட்டது. மன்றத்துப் பையன்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெயலலிதாவோடு ஏற்பட்ட மோதல், எம்எல்ஏக்கள் விலகியது, 2016இல் மக்கள் நலக் கூட்டணி என்று சரிவுக்குப் பல காரணம் சொல்கிறார்கள். எல்லாம் சரிதான். 104 இடத்தில் நின்று ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் அவருக்கே டெபாசிட் போனது. என்னைக் கேட்டால், ஜெயித்த 2011இலேயே சரிவு தொடங்கிவிட்டது. கூட்டணிக் கணக்கில் வந்த வாக்கைச் சொந்த வாக்கு என்று நினைத்தார்கள். 2021இல் அரை சதவீதம்கூடத் தேறவில்லை. அந்த வருடம் முரசு வரைய என்னை யாரும் தேடி வரவில்லை. திராட்சை ரசம், கோயில் திருவிழா, சிமெண்ட் கம்பெனி என்று எழுதிப் பொழுதை ஓட்டினேன்.

2023 டிசம்பர் 28 அன்று விஜயகாந்த் இறந்தார். அப்புறம் வந்த 2024 மக்களவைத் தேர்தலில் அவர் மகன் விஜயபிரபாகரன் அதிமுக கூட்டணியில் விருதுநகரில் நின்றார். திருமங்கலமும் திருப்பரங்குன்றமும் அந்தத் தொகுதிக்குள் வருபவை. பழைய மன்றப் பையன்கள் திரும்ப வந்தார்கள். பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது. சுவர்கள் மறுபடி சும்மா கிடைத்தன. இந்த முறை கேட்டது கிழவிகளிடம். "பாவம், எத்தனை பேருக்குச் சோறு போட்ட மனுசன்" என்றார்கள். 4,379 வாக்கில்தான் தோற்றார். அதிமுக வாக்கும் அதில் உண்டு என்பது தெரியாமல் இல்லை. ஆனாலும் 2021 பார்த்தவனுக்கு அது பெரிய மீட்சி.

அடுத்த கூட்டணியில் எத்தனை சீட் என்று பேசுவதற்கு முன்னால், அந்த நரைத்த தலைகளை ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.