முழுப் பெயரைச் சொன்னால்தான் கதவு திறக்கும்

"கதவு ஏன் திறக்கல?" என்று அக்கா மகள் சோபாவின் நுனிக்கே வந்துவிட்டாள்.

ஓடிக்கொண்டிருந்தது 'ஸ்பை கிட்ஸ்'. 2001இல் வந்த படம். உளவாளிகளான அப்பா அம்மா மாட்டிக்கொள்ள, பிள்ளைகள் இருவரும் மீட்கக் கிளம்புவார்கள். ரகசிய வீட்டின் கதவு, மகள் கார்மென் தன் முழுப் பெயரைச் சொன்னால்தான் திறக்கும். சுருக்கினால் வேலைக்கு ஆகாது. அந்த நீளமான ஸ்பானியப் பெயரை அவள் முழுசாகச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு அழகான யோசனை! தன் குடும்பத்தின் பெயரே சாவியாகிறது.

இயக்குநர் ராபர்ட் ரோட்ரிகஸ் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்தில் வளர்ந்தவர். தன் வீட்டு மனிதர்களை மனதில் வைத்தே அந்தக் குடும்பத்தை எழுதினார்.

2018இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர் வெர்ஸ்' அனிமேஷனிலும் நாயகன் மைல்ஸின் அம்மா பேச்சுவாக்கில் ஸ்பானிஷுக்கு மாறுவார். படம் நின்று விளக்காது.

நாயகனுக்குக் கைதட்டும் நண்பனாக ஒரு கறுப்பு முகத்தை ஓரமாக நிறுத்திவிட்டு, 'எல்லா இனத்தவரும் இருக்காங்களே' என்று கணக்குக் காட்டும் படங்கள்தான் அதிகம். குழந்தைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வில்லனை மடக்கும் யோசனை யாருக்குத் தோன்றுகிறது, தப்பு செய்தாலும் இன்னொரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது, அதைத்தான் அவர்கள் கவனிக்கிறார்கள்.

2021இல் 'எடர்னல்ஸ்' படத்தில் மின்னல் வேக வீராங்கனையாக வந்தவர் லாரன் ரிட்லாஃப். நிஜத்திலும் காது கேளாதவர். சைகை மொழியிலேயே பேசினார்.

இது போதாது. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையே துரத்தல் காட்சியை முன்னின்று நடத்தும் படங்களும் நிறைய வர வேண்டும்.