கீரைக்கார அம்மா தள்ளி வைத்த தண்டு

மந்தைவெளியில் நான் வழக்கமாக வாங்கும் கீரைக்கார அம்மா, தண்டுக்கீரையின் அடியில் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பார். நகம் இறங்கினால் இளசு. இறங்காவிட்டால், "இது நாரு கண்ணு, வேற எடுத்துக்கோ" என்று ஓரமாகப் போட்டுவிடுவார். போன வாரம் அந்த ஓரத்தில் கிடந்ததைத்தான் கேட்டேன். ஒரு மாதிரியாகப் பார்த்தார். காசு வாங்கவில்லை.

நான் ஒரு கல்லூரியில் தாவரவியல் லேப் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு லிக்னின், அதாவது செல் சுவரில் படிந்து தண்டை நாராக்கும் கெட்டிப்பொருள், காட்ட வேண்டும். பெட்டியில் பழைய ஸ்லைடுகள் உண்டு. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தானே அறுத்துப் பார்த்தால்தான் மனதில் நிற்கும்.

புது பிளேடு, தண்ணீரில் நனைத்து, ஒரே இழுப்பு. நுனித்தண்டில் வெண்ணெயாக இறங்கும். அடித்தண்டில் கறுக் கறுக்கென்று சத்தம் கேட்கும். முதல் அரை மணி நேரம் எல்லோரும் வெண்டைக்காய் வற்றலுக்கு நறுக்குவதுபோலத்தான் நறுக்குவார்கள். முழு வட்டம் வேண்டாம், ஓரத்தில் கண்ணாடிபோல மெலிந்த ஒரு துணுக்கு கிடைத்தால் போதும் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறேன்.

சாயம் வியன்னாவின் தாவரவியலாளர் வீஸ்னர் 1878இல் சொன்னதுதான். ஆல்கஹாலில் கரைத்த புளோரோகுளுசினால் என்ற வேதிப்பொருள் இரண்டு சொட்டு; கொஞ்சம் காய்ந்ததும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. லிக்னினில் இருக்கும் ஒரு வகை ஆல்டிஹைடுகள் அதோடு சேர்ந்து செக்கச்சிவப்பாகும். பிரியாணிப் பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடுக்கு அவை பங்காளிகள். அமிலம் மட்டும் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். நான் சேர்ந்த புதிதில் தாராளமாக விட்டு, கவர் ஸ்லிப்பைத் தாண்டி வழிந்து, மைக்ரோஸ்கோப்பின் 40 எக்ஸ் லென்ஸ் ஒன்று மங்கிப்போனது. சம்பளத்தில் பிடிக்காமல் விட்டார்கள்.

நுனித்தண்டில் ஆங்காங்கே சின்னச் சின்னச் சிவப்பு வளையங்கள், நீர் ஏற்றும் சைலக் குழாய்கள் மட்டும். மற்றதெல்லாம் வெறும் கண்ணாடி. அடித்தண்டை வைத்ததும், சுற்றிலும் சிவப்பு வேலி கட்டியதுபோல ஒரு பட்டை. நகத்தைத் தடுத்தது அதுதான். உற்றுப் பார்த்தால், மூன்று செல்கள் கூடும் மூலைகளும் செல்லுக்குச் செல் நடுவில் இருக்கும் கோடும் தெரியும். லிக்னின் முதலில் படிவது அங்கேதான். அப்புறம்தான் சுவருக்குள் பரவும்.

ஒரு பெண் "அடர் சிவப்பு என்றால் லிக்னின் அதிகம்" என்று நோட்டில் எழுதியிருந்தாள். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். இந்தச் சாயம் அந்த ஆல்டிஹைடுகளைத்தான் காட்டும்; மொத்த லிக்னினையும் எடைபோட்டுச் சொல்லாது. புற ஊதா ஒளியில் பார்க்கும் மைக்ரோஸ்கோப் இருந்தால் சாயமே வேண்டாம், லிக்னின் தானாக நீலமாக ஒளிரும். எங்களிடம் அது இல்லை.

கடைசியில் நுனித்தண்டை நீளவாக்கில் அறுத்து வைத்தேன். குழாய்ச் சுவரில் சிவப்பு ஸ்பிரிங்! தண்டு இன்னும் நீள வேண்டியிருப்பதால், சுவர் முழுக்கப் பூசாமல் சுருளாக மட்டும் லிக்னின் படிந்திருக்கிறது. வீட்டில் வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கிறோமே, அந்த நூலும் இதே மாதிரிச் சுருள் பிரிந்து வருவதுதான் என்றேன். அதற்குமேல் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. நிறம் வெளுப்பதற்குள் ஐபீஸில் போனை வைத்துப் படம் எடுக்க ஒரே தள்ளுமுள்ளு.

மிஞ்சிய இளந்தண்டு அன்று ராத்திரி சாம்பாரில் போனது.