நாலு நாயும் ஒரு பிறந்தநாள் சாப்பாடும்

நாலு நாய் வச்சிருக்கோம்னு சொன்னா எல்லாரும் கேக்கறது ரெண்டே கேள்வி, சாப்பாட்டுக்கு எவ்ளோ ஆகும், முடி கொட்டுமா. ஆனா கேக்க வேண்டியது நாலும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகுமான்னுதான். ஒரு நாய்னா நீங்களும் அதுவும், அதோட முடிஞ்சுது. நாலாச்சுன்னா அதுங்களுக்குள்ளயே ஆறு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனி பாலிடிக்ஸ். அஞ்சாவது வந்தா பத்து ஜோடி. அதனாலதான் என் பொண்ணு ரோட்டோரம் எதாச்சும் குட்டியப் பாத்து "அம்மா..."ன்னு இழுத்தாலே நான் நடைய வேகமாக்கிடுவேன்.

எங்க வீட்டுல கருப்பிதான் ஹெட். மணிக்கு வயசாயிடுச்சு, இடுப்பு மூட்டு வலி, அதனால யாரும் அவன் மேல வந்து விழக்கூடாது. ஜிம்மி எதையும் மெல்லவே மாட்டான், நேரா முழுங்கறதுதான். கடைக்குட்டிக்கு புலின்னு பேரு வச்சோம், யாராச்சும் பலமா தும்முனா கட்டிலுக்கடியில போயிடுவான்.

கருப்பியும் ஜிம்மியும் பகல் பூரா ஒருத்தர் மேல ஒருத்தர் கால போட்டுத் தூங்குவாங்க, தட்டு வச்சாச்சுன்னா உறவெல்லாம் கட். ஜிம்மி பக்கத்துல வந்தா கருப்பி சாப்பிடறத நிறுத்திட்டு தட்டுக்கு மேல தலையக் குனிஞ்சு அப்படியே கட்டையா நிப்பா, கண்ணு மட்டும் ஓரமா திரும்பி வெள்ளை முழி தெரியும். உறுமல் அதுக்கப்புறம்தான் வரும். உறுமுனா நிறைய பேர் திட்டறாங்க அடிக்கறாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க, அது கிட்ட வராதேன்னு சொல்ற எச்சரிக்கை, அதைப் போய் அடக்கிட்டோம்னா அடுத்த தடவ சொல்லாம கொள்ளாம கடிதான். நாங்க தனித்தனியா கதவ சாத்திட்டு சாப்பாடு வைக்கறோம், ஜிம்மிக்கு அப்படியே முழுங்காம மெதுவா சாப்பிட மேடு பள்ளம் வச்ச தட்டு, எல்லாரும் முடிச்சு தட்டையெல்லாம் எடுத்ததுக்கப்புறம்தான் கதவு திறக்கும்.

இந்த லட்சணத்துல என் பிறந்தநாளுக்கு வெளில போய் சாப்பிடலாம்னு இவரு சொன்னாரு. "என்னங்க, இதுங்கள என்ன பண்றது?"ன்னேன். "தரையில எலும்பு, பொம்மை எதுவும் இல்லாம பாத்துக்கோ, சண்டை எதுக்கு வரப்போகுது"ன்னாரு, கரெக்ட்தான், இருந்தாலும் நடுவுல குழந்தைங்களுக்குப் போடற தடுப்பு கேட்ட மாட்டிட்டோம், கருப்பியும் மணியும் ஒரு பக்கம், பசங்க ரெண்டும் இன்னொரு பக்கம்.

புலிக்குத்தான் முன்னாடியே ட்ரெயினிங் குடுக்க வேண்டியிருந்துது. சாவி சத்தம் கேட்டாலே மூச்சு வாங்க ஆரம்பிச்சுடுவான். அதனால சாவிய எடுத்துட்டு வெளிய போகாம சோபால உக்காருவேன், செருப்பு மாட்டிட்டு டிவி பாப்பேன், இப்படியே பண்ணிப் பண்ணி சாவின்னா அம்மா போகப்போறான்னு அவன் மண்டைல இருந்த கணக்கு கொஞ்சம் கொஞ்சமா அழிஞ்சுது. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு வாக்கிங், வேகமா இழுத்துட்டுப் போற வாக்கிங் இல்ல, இஷ்டத்துக்கு மோந்து பாக்க விடற வாக்கிங். நம்ம மூக்குல வாசனை பிடிக்கற செல்லு 50, 60 லட்சம்னா அதுங்களுக்கு 10 கோடிக்கு மேலன்னு சொல்றாங்க, ஒரு செடிய நின்னு நிதானமா மோந்து முடிச்சாலே பாதி களைச்சுப் போயிடும்.

ஹோட்டல்ல உக்காந்ததும் மெனுவ பாக்காம போன்ல வீட்டு கேமராவப் பாத்துட்டிருந்தேன், இவரு போன வாங்கி பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு. சாப்பாடு வந்துது, சூடா இருந்துது, சூடு ஆறாமயே சாப்பிட்டேன், எத்தனையோ நாளாச்சு! யாரும் என் முழங்கால்ல தாடைய வைக்கல. ஆனா எந்திரிக்கறப்ப யாரையும் மிதிச்சுடக்கூடாதேன்னு டேபிளுக்கடியில காலால தடவிப் பாத்து மெதுவா எடுக்கறேன், என் பொண்ணும் அதையேதான் பண்றா, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்து சிரிச்சுட்டோம்.

மிச்சத்த பார்சல் கட்டினோம், ஆனா எங்களுக்குத்தான். வெங்காயம் பூண்டு நாய் ரத்தத்துல இருக்கற சிவப்பணுக்கள உடைக்கும், வெந்த எலும்பு சிம்பு சிம்பா உடைஞ்சு குடலக் குத்தும். கேக்கும் அதே கதைதான், சாக்லேட் ஆகாது, உலர் திராட்சை கிட்னியவே காலி பண்ணிடும், சர்க்கரை இல்லாததுன்னு விக்கறதுல சர்க்கரைக்குப் பதிலா போடற சைலிட்டால் இருந்தா இன்னும் மோசம். மேஜை மேல இருந்தா எட்டாதுன்னு நினைக்காதீங்க, ஜிம்மிக்கு எட்டாத மேஜைய இன்னும் யாரும் செய்யல. கேக் ஃபிரிட்ஜுக்குள்ளதான்.

வீட்டுக்கு வந்தா சண்டை ஒண்ணும் நடக்கல, ஆனா பசங்க பக்கம் ஒரு குஷன் பூரா பிரிஞ்சு பஞ்சு பறந்துட்டு இருக்கு. "யாருடா இது?"ன்னு இவரு குரல உயர்த்துனதும் புலி காத மடக்கி தரையோட தரையா படுத்துட்டான், அவ்ளோ குற்ற உணர்ச்சி மூஞ்சியில. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு நாய்ங்களப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க 2009ல இதைத்தான் சோதிச்சுப் பாத்தாங்க, அந்த மூஞ்சி தப்பு பண்ணதுக்காக வர்றது இல்லயாம், நாம திட்டறதுக்கு வர்றதாம், தப்பே பண்ணாத நாயும் திட்டு வாங்குனா அப்படித்தான் பாக்குமாம். எங்க வீட்டுல ஆராய்ச்சியே வேணாம், ஜிம்மி மீசையெல்லாம் பஞ்சோட வாலாட்டிக்கிட்டு பார்சல் பைய மோந்துட்டு நிக்கறான். அடுத்து என் பொண்ணோட பிறந்தநாள், அதே ஹோட்டலுக்குத்தான் போகணும்னு இப்பவே சொல்லிட்டா, அதுக்குள்ள குஷன் எல்லாத்தையும் பரண்ல ஏத்தணும்.