அட்லாண்டாவில் ஒரு எச்ஐவி கிளினிக்கின் மருந்து கவுன்ட்டரிலிருந்து

அட்லாண்டாவில் எச்ஐவி உள்ளவர்களுக்கான ஒரு கிளினிக்கில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அமெரிக்க மக்கள்தொகையில் அவர்கள் 12, 13 சதவீதம்தான். ஆனால் இந்த நாட்டில் எச்ஐவியோடு வாழ்பவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேர் அவர்களே. மருந்தால் வைரஸ் கட்டுக்குள் வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தால், அதிலும் வெள்ளையர்களைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் மாணவர்களிடம் இது ஏன் என்று கேட்டால், "மாத்திரையை ஒழுங்காகப் போடுவதில்லை" என்ற பதில் சட்டென்று வரும். அனுபவமுள்ள டாக்டர்களே அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

மாணவர்களுக்கு முதலில் பால்டிமோரில் நடந்ததைச் சொல்வேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எச்ஐவி கிளினிக்குக்குப் புதிதாக வந்தவர்களை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மருந்து தேவைப்படும் நிலையில் இருந்த வெள்ளையர்களில் 63 சதவீதம் பேர் அதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பினத்தவரில் 48 சதவீதம் பேர்தான். அடுத்த ஆண்டே அதே குழு இன்னொன்றையும் காட்டியது. அந்த ஒரே கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்களிடையே நோய் முற்றும் வேகத்திலும் உயிர் பிழைப்பதிலும் நிற வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். மருந்து ஒரேபோல் கிடைத்தபோது உடம்பும் ஒரேபோல்தான் தேறியது.

சரி, மருந்து கிடைப்பதில் அப்படி என்ன சிக்கல்? இந்தியாவில் 2004 ஏப்ரலில் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமானது. தாம்பரம் சானடோரியமும் அதில் ஒன்று. இங்கே ஒரு மாதத்துக்கான மாத்திரையின் பட்டியல் விலை 3,000 டாலருக்கு மேல். காப்பீடு இல்லாதவர்களுக்கு ரயன் வைட் சட்டத்தின் கீழ் அரசு உதவி உண்டு. 1990-ல் வந்த சட்டம் அது. உதவி பெற வேண்டுமானால் வருமானத்தையும் முகவரியையும் நிரூபிக்க வேண்டும். பல ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருந்தது.

எங்கள் நோயாளி ஒருவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் மணிக்கூலிக்கு வேலை செய்கிறார். இரண்டு பஸ் மாறி வர வேண்டும். சித்தி மகன் வீட்டில் ஒண்டியிருப்பதால் கரன்ட் பில்லோ வாடகை ஒப்பந்தமோ அவர் பெயரில் கிடையாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். ஒருமுறை அவருடைய புதுப்பித்தல் தள்ளிப்போய் உதவி நின்றுவிட்டது. மாத்திரை தீர்ந்து, அடுத்த பரிசோதனையில் வைரஸ் ஏறியிருந்தது. அவர் கோப்பில் யாரோ "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று எழுதிவிட்டார்கள். பஸ்ஸையும் கூலியையும் யாரும் எழுதவில்லை. புதிதாக அவரைப் பார்க்கும் எந்த டாக்டரும் முதலில் படிப்பது அந்த வரியைத்தான். மாத்திரைக்குப் பதில் ஊசி மருந்துக்கு மாற்றலாமா என்று பேச்சு வரும்போது அதே வரி குறுக்கே வந்து நிற்கிறது. ஆறு மாதக் கட்டாயத்தை மத்திய அரசு 2021-ல் தளர்த்தியது. ஆனால் அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலம், ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டை இன்னும் முழுமையாக விரிவாக்கவில்லை. 2023-ல் கொண்டுவந்த மாற்றுத் திட்டத்திலும் மாதம் 80 மணி நேர வேலைக்குக் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆனாலும் ரயன் வைட் பணம் வேலை செய்கிறது. அந்தத் திட்டத்தில் சிகிச்சை பெறுபவர்களில் வைரஸ் கட்டுக்குள் இருப்பவர்கள் 2010-ல் சுமார் 70 சதவீதம், 2022-ல் சுமார் 90 சதவீதம். கறுப்பின நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இடைவெளியும் வெகுவாகச் சுருங்கியிருக்கிறது. மாத்திரையோடு பஸ் பாஸும், காகித வேலைக்குக் கூடவே இருக்கும் ஆளும் அந்தப் பணத்தில்தான் கிடைக்கிறார்கள்.

மருத்துவத்தின் மேல் கறுப்பினத்தவருக்கு உள்ள நம்பிக்கையின்மை என்று வந்தால் எல்லோரும் டஸ்கிகியைச் சொல்வார்கள். சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களை 1932 முதல் 1972 வரை மருந்து தராமல் வேடிக்கை பார்த்த கொடுமை அது. அந்த ஊர் இங்கிருந்து இரண்டு மணி நேரக் கார் தூரம். அதை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் என் கவுன்ட்டரில் நான் கேட்பது பெரும்பாலும் போன மாதத்துக் கதைகள். என்னை எப்போதும் "பேபி" என்றே கூப்பிடும் ஒரு வயதான அம்மா இருக்கிறார். வேறொரு மருத்துவமனையில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த ஊழியர், அந்த அம்மாவின் கோப்பைப் புரட்டியதும் போட்டிருந்த கையுறைக்கு மேல் இன்னொரு ஜோடியை மாட்டிக்கொண்டாராம். அதற்கப்புறம் நெஞ்சு வலி வந்தாலும் அந்த அம்மா அங்கே போவதில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய அநியாயத்தைக் காரணமாகச் சொல்வது நமக்குச் சௌகரியம். இன்றைக்கு யாரும் எதையும் திருத்த வேண்டியதில்லை.

என்னை மிகவும் வருத்துவது சிறுநீரகக் கணக்கு. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவைப் பார்த்து, சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு சூத்திரத்தால் மதிப்பிடுவார்கள். 2021-ல் அது மாறும்வரை லேப் ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் வரும்: ஆப்பிரிக்க அமெரிக்கருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்குவார்கள். ஒரே ரத்தம், ஒரே கிரியேட்டினின். மற்றவருக்கு 52 என்றால் அவருக்கு 60. அறுபதுக்குக் கீழே நீடித்தால் சிறுநீரக நோய், அதற்கு மேல் இருந்தால் "பரவாயில்லை". மருந்தின் அளவுக்கு நாங்கள் வேறொரு சூத்திரம் வைத்திருந்தோம், அதில் இனம் கிடையாது. ஆனால் சிறுநீரக டாக்டரிடம் அனுப்பலாமா, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய பழைய எச்ஐவி மருந்தான டெனோஃபோவிரை நிறுத்தலாமா என்று யோசிக்கும்போது கண் போவது ரிப்போர்ட்டில் அச்சிட்ட எண் மேல்தான். இதில் கொடுமை என்னவென்றால், எச்ஐவியால் வரும் சிறுநீரக நோய் அதிகம் தாக்குவதே கறுப்பினத்தவரை. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியில் பரவலாக உள்ள ஒரு மரபணு மாற்றம் அதற்கு ஒரு காரணம். ஆபத்து அதிகம் உள்ளவருக்குத்தான் நன்றாக இருப்பதாகக் காகிதம் சொன்னது.

மாற்று சிறுநீரகத்துக்கான காத்திருப்பு, டயாலிசிஸ் தொடங்கும் முன்பே, அந்த எண் 20-க்கு இறங்கினால் தொடங்கும். 18 என்பது பெருக்கினால் 21 ஆகிவிடும். 2023 ஜனவரி முதல், இப்படித் தாமதமானவர்களின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தர வேண்டும் என்று எல்லா மாற்று சிறுநீரக மையங்களுக்கும் உத்தரவு வந்தது. எங்கள் நோயாளி ஒருவருக்கும் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் கவுன்ட்டருக்கு வந்தார். பழைய கிரியேட்டினின் முடிவுகள் எவ்வளவு தூரம் பின்னால் கிடைக்கிறதோ அவ்வளவு நாள் சேரும் என்றதால், அவருடைய பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்தோம். எங்களிடம் வருவதற்கு முன் அவர் போய்க்கொண்டிருந்த சின்ன கிளினிக் மூடிவிட்டது. அங்கிருந்த கோப்புகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எங்களிடம் இருந்ததை வைத்து மட்டும் கணக்கிட்டு, ஒரு வருஷத்துக்குச் சற்று அதிகமாகச் சேர்த்துக் கொடுத்தார்கள்.